கேட்டபோது இல்லை என்றார்

சொந்தத் தங்கச்சி நர்ஸாக இருக்கிற ஆஸ்பத்திரியில் போய்ப் படுப்பதற்கு யாருக்காவது பயம் இருக்குமா? பெரியவளுக்கும் இல்லை. பித்தப்பையில் கல் என்று டாக்டர் சொன்ன அன்றே, அறுவை சிகிச்சை என்றால் சின்னவள் வேலை பார்க்கும் இடத்தில்தான் என்று தீர்மானித்துவிட்டாள். பெரியவ, சின்னவ என்பது அம்மா கூப்பிட்டுக் கூப்பிட்டு நிலைத்துப்போன பெயர்கள். ஒருத்திக்கு நாற்பத்தாறு, மற்றவளுக்கு நாற்பத்தொன்று ஆன பிறகும் மாறவில்லை.

பெரியவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்ட பிறகும் பின்சீட்டு வரை நடந்து போய், எந்த வாண்டாவது தூங்கிக் கிடக்கிறதா என்று குனிந்து பார்த்த பிறகுதான் சாவியை உருவுவாள். பிரேக்கை மெக்கானிக் பார்த்துவிட்டேன் என்று சொன்னாலும் தன் காலால் ஒரு முறை மிதித்துப் பார்க்காமல் வண்டியை எடுக்க மாட்டாள். அப்படிப்பட்டவள், ஆஸ்பத்திரி வாசலில் கால் வைத்ததும் எல்லாக் கவனத்தையும் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டாள். அதான் சின்னவள் இருக்கிறாளே!

சேர்ந்த அன்று காலையில் சின்னவளே படிவத்தை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு வந்தாள். பேனாவைத் திறந்து, தலையைச் சாய்த்து, "பேஷண்ட் பேர் என்ன?" என்று கிண்டலாகக் கேட்டாள். இருவரும் சிரித்தார்கள்.

"பென்சிலின் ஊசி ஆகாதுன்னு மறக்காம எழுதிக்கோ" என்றாள் பெரியவள்.

"எனக்கேவா? அதெல்லாம் நான் எழுதிக்கறேன், நீ படு."

சின்னவளிடம் அதைச் சொல்ல வேண்டிய தேவையே இல்லைதான். பெரியவளுக்குப் பதினான்கு வயதில் தொண்டை வீங்கியபோது தெருமுனை டாக்டர் பென்சிலின் போட்டார். கால் மணி நேரத்தில் முகம் ஊதி, கண் இடுங்கி, மூச்சு விசில் அடித்தது. செருப்புக்கூடப் போடாமல் ஓடிப்போய் அப்பாவை வேலையிடத்திலிருந்து இழுத்துவந்தவள் ஒன்பது வயதுச் சின்னவள்தான். 'அன்னிக்கு எங்கக்கா கிடந்த கிடையைப் பார்த்துத்தான் நான் நர்ஸ் ஆனேன்' என்று கல்யாண வீட்டிலும் சொல்வாள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடமும் சொல்வாள்.

அலமாரியிலிருந்து ஒரு சிவப்புப் பட்டையை எடுத்து அக்காவின் இடது மணிக்கட்டில் மாட்டினாள். இன்ன மருந்து ஆகாது என்கிற நோயாளிக்கு மட்டும் கட்டுகிற பட்டை அது. அடுத்ததாகப் படிவத்தின் முதல் பக்கத்தில் 'ஒவ்வாமை' என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும். அதற்குள் எதிர்க் கட்டிலில் ஒரு நோயாளி தடுமாறிக் கீழே இறங்கப் பார்க்க, சின்னவள் பேனாவை மூடிக்கொண்டு ஓடினாள். கட்டம் வெறுமையாகவே நின்றது. பெரியவள் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

பக்கத்துக் கட்டிலில் ஒரு தபால்காரம்மா இருந்தாள். நாய் துரத்தி, சைக்கிளோடு சாய்ந்து, கணுக்கால் முறிந்து வந்தவள். வாய் மட்டும் துளியும் முறியவில்லை. மாத்திரை கொண்டுவருகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, "கவர்ல யார் பேரு போட்டிருக்கு? படிங்க, கேட்போம்" என்பாள். "என்ன மாத்திரை? எதுக்கு? நேத்து வெள்ளையா இருந்துச்சே, இன்னிக்கு ஏன் மஞ்சள்?" டாக்டரையே, "கை கழுவிட்டீங்களா, சார்?" என்று கேட்டுவிட்டாள். அவரும் சிரித்துக்கொண்டு குழாயடிக்குப் போய் வந்தார்.

"முப்பது வருஷமா தபால் கொடுக்கறேன். ஒரே தெருவுல ஒரே பேர்ல மூணு பேர் இருப்பாங்க. கதவு எண்ணைப் பார்க்காம கொடுத்தா அவ கல்யாணப் பத்திரிகை இவ வீட்டுக்குப் போயிடும்" என்றாள். பிறகு பெரியவளின் கையைப் பார்த்து, "அது என்ன, உங்களுக்கு மட்டும் சிவப்பு வளையல்?" என்றாள்.

பெரியவள் பென்சிலின் கதையைச் சொன்னாள், ஓடிப்போன தங்கச்சியின் பெருமையையும் சேர்த்தே.

வார்டில் சின்னவள் அந்த அம்மாவுக்கு வைத்த பெயர் 'கேள்வித்தாள்'. அக்காவின் காதில், "அதோட சேராதே. பாதி வேலை நேரம் அதுக்குப் பதில் சொல்றதுலயே போகுது" என்று முணுமுணுத்தாள். பெரியவளும் சிரித்தாள். சிரித்தது பின்னால் நெடுநாள் உறுத்தியது.

மயக்க மருந்து டாக்டர் வந்து கேட்டபோதும் பெரியவள் பென்சிலின் ஆகாது என்று சொன்னாள். அறுவை சிகிச்சை ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. மறுநாள் காலையில்தான் காய்ச்சல் அடித்தது. அன்று முறைக்கு வந்த டாக்டர் வேறு ஆள், வேலைக்குப் புதியவர். கட்டில் கட்டிலாக ஓடிக்கொண்டிருந்தவர் கோப்பின் முதல் பக்கத்தைப் பார்த்தார். ஒவ்வாமைக் கட்டத்தில் ஒன்றும் இல்லை. பெரியவள் போர்வைக்குள் கையை மடக்கிக்கொண்டு நடுங்கியபடி படுத்திருந்தாள். அவர் பென்சிலின் சேர்ந்த ஒரு மருந்தை எழுதிவிட்டுப் போனார்.

மதியம் இரண்டு மணிக்குச் சின்னவள் தட்டோடு வந்தாள். ஊசி போடுமுன் நோயாளியைப் பெயர் சொல்லச் சொல்ல வேண்டும், கைப்பட்டையைப் பார்க்க வேண்டும், மருந்துக் குப்பியில் உள்ள பெயரை வாய்விட்டுப் படிக்க வேண்டும். அந்த வார்டில் அது சட்டம். புதிதாகச் சேர்கிற நர்ஸ்களுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பவளே சின்னவள்தான். அன்று, அக்காதானே என்று குப்பியின் பெயரைக்கூடப் படிக்கவில்லை.

"என்ன ஊசிடி இது?" என்றாள் பெரியவள்.

"காய்ச்சலுக்கு. பேசாம இரு, நான் இருக்கேன்ல."

"பட்டையைப் பார்க்கலையே?" என்றாள் பக்கத்திலிருந்து தபால்காரம்மா.

"எங்கக்காவை அடையாளம் பார்த்துத்தான் நான் ஊசி போடணுமாம்மா?" என்று சொல்லிக்கொண்டே சின்னவள் மருந்தை வலது கையில் இருந்த குழாயில் ஏற்றினாள்.

இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. முதலில் உள்ளங்கை அரித்தது. பிறகு உதடு தடித்தது. யாரோ கழுத்தில் கயிறு போட்டு இறுக்குவதுபோல் இருந்தது. பெரியவள் பேச வாயெடுத்தாள், விசில்தான் வந்தது. முப்பத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய அதே விசில். சின்னவளின் முகம் வெளுத்ததைப் பார்த்தாள். "அய்யோ, அக்கா!" என்ற அலறல் கேட்டது. தபால்காரம்மா அழைப்பு மணியை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தாள்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அடுத்த பத்து நிமிடம் சின்னவள் செய்த வேலையை யாரும் குறை சொல்ல முடியாது. டாக்டர் வந்து சேருமுன்பே மருந்தை நிறுத்தி, ஒவ்வாமையை முறிக்கிற ஊசியைத் தொடையில் போட்டு, காலை உயர்த்தி வைத்து, ஆக்சிஜன் மாட்டி, "மூச்சு விடுக்கா, என்னைப் பாருக்கா" என்று கத்திக்கொண்டே இருந்தாள். போன உயிரைப் பிடித்து இழுத்துவந்தவள் அவள்தான்.

அதன் பிறகு பெரியவள் அரை மயக்கத்தில் கிடந்தாள். சாயங்காலம் ஒரு நேரத்தில் ஒரு கை தன் இடது கையை மெல்லத் தூக்குவது தெரிந்தது. கதகதப்பான, பழகின கை. தங்கச்சி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தாள். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்? அந்த நினைப்பிலேயே நிம்மதியாகத் தூங்கிப்போனாள்.

மறுநாள் காலையில் வீட்டுக்காரர் வந்தார். பேக்கரியில் மாவு பிசைகிறவர். வேலையிலிருந்து நேராக வந்ததால் முழங்கை வரை வெள்ளையாக இருந்தது. கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு வெடித்தார்.

"ஏம்மா, இதைக்கூடவா சொல்ல மறப்பே? பஸ்ல ஒரு பிள்ளை தண்ணி பாட்டிலை விட்டுட்டுப் போனாக்கூட ஞாபகம் வச்சுக் கொடுக்கறே. உன் உயிர் போற விஷயத்தைச் சொல்லலையே!"

"எதைச் சொல்லலை?"

"அதான், அந்த மருந்து ஆகாதுன்னு. கேட்டப்ப ஒண்ணும் இல்லைன்னுட்டியாமே. ஃபைல்ல 'கேட்டபோது இல்லை என்றார்'னு எழுதியிருக்கு. சின்னவ அழுதுட்டே சொன்னா. 'தப்பு அக்கா மேலதான், ஆனா திட்டாதீங்க மாமா, பாவம்'னு உனக்காகப் பரிஞ்சு பேசினா."

பெரியவள் எழுந்து உட்காரப் பார்த்தாள். "நான் சொன்னேங்க."

"மயக்க மருந்து கொடுத்திருக்காங்க. உனக்கு எது ஞாபகம் இருக்கும், எது இருக்காது?" என்று அவர் அவள் தலையைத் தடவினார். அந்தத் தடவல் திட்டைவிட மோசமாக இருந்தது.

அவர் போன பிறகு அவளுக்கே சந்தேகம் வந்தது. ஒருவேளை சொல்லவில்லையோ? மனதில் நினைத்ததைச் சொன்னதாக நம்பிக்கொண்டிருக்கிறேனோ? பட்டையைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று இடது கையைத் தூக்கினாள். மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. பட்டை அழுத்திய தடம்கூட மறைந்துவிட்டிருந்தது.

"என்ன தேடுறீங்க?" என்றாள் தபால்காரம்மா.

"என் கையில சிவப்பா ஒண்ணு இருந்துச்சா, இல்ல எனக்குத்தான் புத்தி பிசகிப்போச்சா?"

"நல்லா கேட்டீங்க போங்க! நான்தானே வளையல்னு கேட்டேன். நீங்க பதினாலு வயசுக் கதையெல்லாம் சொன்னீங்க. தங்கச்சி செருப்பில்லாம ஓடினது வரைக்கும் நான் திருப்பிச் சொல்லட்டுமா?"

பெரியவளுக்கு அழுகை முட்டியது. புத்தி பிசகவில்லை என்று சந்தோஷப்படுவதா, பிசகியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று அழுவதா?

சின்னவள் பதினொரு மணிக்கு வந்தாள். கூட இன்னொரு நர்ஸும் வந்தாள். சின்னவள் அழுத்தமாகக் கை கழுவிவிட்டு, கட்டிலருகே விறைப்பாக நின்று, "உங்க முழுப் பேர் சொல்லுங்க" என்றாள். பெரியவள் சொன்னாள். சின்னவள் மருந்தின் பெயரை வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். எல்லாம் எழுத்துப் பிசகாமல் நடந்தது. கூட வந்தவள் போனதும் திரையை இழுத்துவிட்டுக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அக்கா, நாளைக்கு விசாரிக்க ஒரு அதிகாரி வருவாங்க. நோயாளிங்க பாதுகாப்பைப் பார்க்கறவங்க. நீ சொல்ல மறந்துட்டேன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னா போதும். உனக்கு அதனால ஒண்ணும் ஆகாது. யாரும் பேஷண்டை ஒண்ணும் பண்ண மாட்டாங்க. எனக்குத்தான் பதினெட்டு வருஷ வேலை."

"பட்டையை யாரு வெட்டினது?"

சின்னவள் கண்ணைத் தாழ்த்தினாள். "அவசரத்துல... புதுசா குழாய் போடறப்ப இடைஞ்சலா இருந்துச்சு."

"குழாய் இந்தக் கையில போட்டீங்க" என்று வலது கையைக் காட்டினாள் பெரியவள். "பட்டை இருந்தது அந்தக் கையில."

திரைக்கு அப்பால் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

"எப்ப வெட்டினே?"

"நீ தூங்கிட்டு இருந்தப்ப. நாலு மணி இருக்கும்." சின்னவளின் குரல் உடைந்தது. "பயந்துட்டேன்க்கா. முதல் பக்கத்தைப் பார்த்தேன், கட்டம் காலியா கிடந்துச்சு. நான்தான் எழுதாம விட்டிருக்கேன். பட்டை இருந்தா எனக்குத் தெரியும்னு ஆயிடும். அதான்..."

நாலு மணி. மெல்லத் தூக்கிய அந்தக் கை. பெரியவளுக்கு உடம்பு முழுவதும் கூசியது. கைக்குழந்தையிடமிருந்து விளையாட்டுச் சாமானை எடுப்பதுபோல், விழித்துவிடாமல், நோகாமல் வெட்டியிருக்கிறாள். அந்தக் கையின் சூட்டில்தான் பெரியவள் தூங்கிப்போனாள்.

"எழுத மறந்தே, சரி. பார்க்காம ஊசி போட்டே, அதுவும் சரி. ஆனைக்கும் அடி சறுக்கும். அதுக்கு நான் உன்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்" என்றாள். "கத்திரிக்கோலை எடுத்துட்டு வந்தியே, அது மறதியாடி? 'கேட்டபோது இல்லை என்றார்'னு எழுதினியே, எந்தக் கையால எழுதினே? எங்கிட்ட கேட்கறதுக்கு முன்னாடியே உங்க மாமாகிட்ட சொல்லிட்டே. அம்மாகிட்டயும் சொல்லியிருப்பே."

சின்னவள் கை நீட்டித் திரையின் இடுக்கை இழுத்து மூடினாள்.

"நான் பிழைச்சுட்டேன், அதனால என் வாயை அடைக்கப் பார்க்கறே. செத்திருந்தா?"

"அப்படிப் பேசாதேக்கா!"

"செத்திருந்தா ஊரே என்ன சொல்லியிருக்கும்? 'பாவம், அவளே சொல்லாம போயிட்டா'ன்னு சொல்லியிருக்கும். நீயும் கூட நின்னு அழுதிருப்பே."

சின்னவள் எழுந்து, திரையை விலக்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மதியம் அம்மா தொலைபேசியில் வந்தாள். எப்படி இருக்கிறாய் என்ற ஒரு கேள்வி, அடுத்த மூச்சிலேயே விஷயத்துக்கு வந்துவிட்டாள். "அவ குடும்பத்தை நினைச்சுப் பாரு. நீ பெரியவ, நீதான் விட்டுக் கொடுக்கணும். அவதானே உன்னைக் காப்பாத்தினா?"

"அம்மா, நான் சொன்னேனா இல்லையான்னு உனக்குக் கேட்கத் தோணலையே."

"சொன்னா என்ன, சொல்லலைன்னா என்ன? உயிரோடதானே இருக்கே" என்றாள் அம்மா.

பெரியவள் போனை வைத்துவிட்டு நெடுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். விட்டுக் கொடுப்பது அவளுக்குப் புதிதல்ல. சின்ன வயதில் ஜன்னலோர இடம், பிறகு படிப்பு, அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது என்று எத்தனையோ விட்டாயிற்று. ஆனால் தான் சொன்ன சொல்லைச் சொல்லவே இல்லை என்று எப்படி விட்டுக் கொடுப்பது? நாளைக்கு இதே கட்டிலுக்கு இன்னொருத்தி வருவாள். அவளும் தன் வாயால் சொல்வாள். அவள் சொல்லும் எழுதப்படாமல் போகும், கடைசியில் பழி அவள் தலையிலேயே விடியும்.

அதிகாரி மறுநாள் காலை பத்து மணிக்கு வந்தாள். கண்ணாடி போட்ட, தணிந்த குரல்காரி. நாற்காலியை இழுத்துக் கட்டிலுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்து, "நடந்ததை உங்க வாயால சொல்லுங்கம்மா. அவசரமே இல்லை" என்றாள்.

வராந்தாவில், கதவின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சின்னவள் நின்றுகொண்டிருந்தாள். கையைக் கூப்பவில்லை. கூப்பாததுதான் பெரியவளை அதிகமாகப் படுத்தியது. கதவுப்பக்கம் பார்ப்பதை நிறுத்திக்கொண்டாள்.

"சேர்ந்த அன்னிக்கே சொன்னேன். எழுதிக்கோன்னு சொன்னேன். சிவப்புப் பட்டை கட்டினாங்க. அதை அப்புறமா வெட்டியிருக்காங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி மயக்க மருந்து டாக்டர் கேட்டாரு, அவர்கிட்டயும் சொன்னேன்" என்றாள். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, "மூச்சு நின்னப்ப காப்பாத்தினதும் எங்க தங்கச்சிதான். அதையும் எழுதிக்குங்க. ரெண்டையும் எழுதுங்க" என்றாள்.

அதிகாரி கோப்புக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். அறுவை சிகிச்சை அறையில் மயக்க மருந்து டாக்டர் கைப்பட எழுதிய தாள். 'பென்சிலின் ஆகாது. இடது கையில் சிவப்புப் பட்டை' என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்தது.

"இது நேத்தே கிடைச்சுதும்மா. முதல் பக்கமும் இதுவும் ஒத்துப் போகலை. அதான் உங்ககிட்டயே கேட்கணும்னு வந்தேன்."

பெரியவள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கச்சி கேட்டபடி சொல்லியிருந்தால், இந்த அம்மாவின் முன்னால் பொய்க்காரியாகக் கூசிப் படுத்திருப்பாள். பொய்யும் நின்றிருக்காது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவளையும் கூட்டுச் சேர்க்கப் பார்த்திருக்கிறாள் சின்னவள்.

வீட்டுக்காரருக்கு விஷயம் அன்று மதியமே தெரிந்தது. அவருக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. பெரியவள் வீடு திரும்பும் வரைக்கும் தினமும் வந்து, கட்டிலோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு மாத்திரைக் கவரையும் வாங்கிப் பேரைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கொடுத்தார். தபால்காரம்மா, "நல்ல ஆளா இருக்காரே, எங்க இலாகாவுக்கு அனுப்பி வையுங்க" என்றாள்.

சின்னவளின் வேலை போகவில்லை. மூன்று மாதம் வார்டைவிட்டு நிறுத்தி, திரும்பப் பயிற்சி கொடுத்து, வெளிநோயாளிகள் பகுதியில் போட்டார்கள். முதல் பக்கத்தைத் தாண்டிப் பார்க்காத டாக்டருக்கும் எச்சரிக்கை போனது. சொந்தக்காரருக்குச் சொந்தக்காரர் மருந்து கொடுக்கக் கூடாது என்று ஒரு விதியும் வந்தது. அம்மா ஒரு மாதம் பெரியவளோடு பேசவில்லை.

சின்னவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்தாள். இளைத்திருந்தாள். காபி கொடுத்தபோது இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள், அந்நியர் வீட்டில் வாங்குவதுபோல.

"என்னை மன்னிச்சுட்டியாக்கா?"

"ஊசியை அன்னிக்கே மன்னிச்சுட்டேன். மத்தது எனக்கே தெரியலைடி. நினைச்சா இன்னும் இந்தக் கை கூசுது."

சின்னவள் தலையாட்டினாள். அழவில்லை. அம்மாவின் கண் மருத்துவம், பிள்ளைகளின் பரீட்சை என்று கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு எழுந்தாள். முன்பெல்லாம் அவள் கிளம்பினால் பெரியவள் தெருமுனை வரை கூடவே நடப்பாள், அங்கே நின்று இன்னும் அரை மணி பேசுவார்கள். அன்று வாசற்படியோடு நின்றுகொண்டாள்.

உள்ளே வந்தபோது வீட்டுக்காரர் கேட்டார். "பேசிட்டீங்களா?"

"பேசினோம்."

"எல்லாம் சரியாப் போச்சா?"

"வந்தா, காபி குடிச்சா, போனா" என்று சொல்லிவிட்டுப் பெரியவள் தம்ளர்களைக் கழுவப் போனாள்.